பச்சை மோட்டாரின் இருமல் குறித்துச் சகலைக்கு எழுதியது

அர்ச். அன்னம்மாள் காவல்

ஆர்கைல் ரோடு, பினாங்கு
1936 செப்டம்பர் 3, வியாழன்

புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் உத்தியோகம் பார்க்கும் மகா ராச ராச ஸ்ரீ சகலை மைக்கேல் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற கிட்டங்கிக் குமாஸ்தா லாரன்ஸ் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அமலம்மாளும் தேக சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மழை வந்தால் எனக்கு இடது முழங்கால் வலிக்கும், அது தாங்கள் அறிந்ததே. அங்கே தாங்களும், ஆலிஸும், மணப்பெண்ணாகப் போகிற டோரதியும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் ஒரு மணியைத் தங்கள் குடும்பத்துக்கென்று ஒதுக்கிச் சொல்லி வருகிறேன். மூன்று வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை என்றாலும் அந்த மணியை மட்டும் நான் விட்டதில்லை. கோபம் அதிகமாக இருந்த மாதங்களில் கொஞ்சம் வேகமாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அமலம்மாள் கையில் முறுக்கு டின்னோடு பஸ்ஸை விட்டிறங்கித் தன்னந்தனியாகத் தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பாள். “அக்கா, மச்சான் வரலையா?” என்று ஆலிஸ் கேட்டிருப்பாள். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாளோ எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவள் அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. கேட்டால், “சோறு போடவா?” என்கிறாள். ஆகவே அன்று நடந்ததை நானே எழுதிவிடுவது என்று பேனாவை எடுத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை. தாங்கள் தாங்கள் என்று எழுதினால் கிட்டங்கியில் கப்பல் கம்பெனிக்கு எழுதுகிற மாதிரியே இருக்கிறது, கை ஓடவில்லை. நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே தம்பி.

நம்முடைய பச்சை மோட்டாரை மறந்திருக்க மாட்டாய். இருபத்தைந்தாம் வருஷம், சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து நீயும் நானும் சேர்ந்து வாங்கினோம். உனக்கு முன்னால் நின்று வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றத் தெரியும், எனக்கு உள்ளே உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்பத் தெரியும். இரண்டும் தெரிந்தவன் நம் குடும்பத்தில் ஒருவனும் இல்லை. அதனாலேயே நீ இல்லாமல் நான் எங்கும் போனதில்லை, நான் இல்லாமல் நீ எங்கும் போனதில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் எஸ்பிளனேட் திடலில் பேண்டு கேட்கப் போவோமே! அக்காளும் தங்கையும் பின்னால் உட்கார்ந்து, பேண்டு சத்தத்துக்கு மேல் சத்தமாய்ப் பேசிக்கொண்டு வருவார்கள். எட்டு வயசு டோரதி உன் மடியில் உட்கார்ந்து ரப்பர் ஊதுகுழலை அமுக்கி அமுக்கி, பினாங்கு ரோட்டில் போகிற ரிக்‌ஷாக்காரர்களையெல்லாம் ஓரம் கட்டுவாள். ஆயர் ஈத்தாம் மேட்டில் வண்டி மூச்சு வாங்கும்போது நீ குதித்திறங்கிப் பக்கத்திலேயே ஓடி வருவாய். “எடை கொறஞ்சா ஏறிடும்ணே” என்று இரைக்க இரைக்கச் சொல்வாய். மோட்டார் ஏற்றிப் போகும் கப்பல் புதிதாக விட்டிருந்த காலம் அது. அதில் வண்டியோடு ஏறி அக்கரை போய், அன்னம்மாள் திருநாளுக்கு புக்கிட் மெர்தாஜாமில் இறங்கினபோது கோயில் வாசலில் கூட்டம் நம்மைப் பார்த்ததா, அன்னம்மாள் சுரூபத்தைப் பார்த்ததா என்று சந்தேகமாக இருந்தது. எட்டு வருஷம் ஒரு வருஷம் தவறாமல் அப்படிப் போனோம்.

ஒன்பதாவது வருஷம் நடந்ததை நான் எழுதித்தான் ஆகவேண்டும். அந்தத் திருநாள் பூசையில் டோரதி தனியாக ஒரு கீர்த்தனை பாட ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை வீட்டில் பாத்திரம் விளக்கும்போதும் அதையே பாடிக்கொண்டிருந்தது. அன்று பட்டர்வொர்த்தில் கப்பலை விட்டிறங்கி ஆறு மைல் போனதும் வண்டி திக்கியது, இருமியது, ‘டப்’பென்று வெடித்து நின்றுபோனது. நீ கோட்டைக் கழற்றி ஆலிஸிடம் கொடுத்துவிட்டு, கார்ப்ரேட்டரைக் கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டி, வண்டியைக் கிளப்புவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நாம் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். டோரதி வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று முகத்தை மூடிக்கொண்டது. சாமியாரும் கோயில் கமிட்டியாரும் “என்ன ஆச்சு?” என்று சுற்றி நின்று கேட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னேன்: “என்னத்தச் சொல்ல, இவன் போன வாரந்தான் அதக் கழட்டிப் பாத்தான். இவன் கை வச்ச எதுவும் உருப்படாது.” நீ கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டாய். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அக்கரைக்குக் குடிபோய்விட்டாய். நான் வண்டியைக் கொட்டகையில் விட்டு, மேலே கித்தான் போட்டு மூடிவிட்டேன். கைப்பிடி சுற்ற ஆள் இல்லை என்று ஊராரிடம் சொன்னேன்.

இப்போது டோரதி கல்யாணக் கார்டு வந்தது. உறைமேல் ‘திருமதி அமலம்மாள்’ என்று மட்டும் இருந்தது. நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். என் பேர் எங்கும் இல்லை. அமலம்மாள் அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள்.

“நீங்க வரலைன்னா நானும் போவல. தங்கச்சி மக கல்யாணத்துக்குப் பெரியம்மாக்காரி ஏன் வரலைன்னு ஊரு கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்.”

“என்னைத்தான் கூப்பிடலையே, அமலம்.”

“கூப்பிடற மாதிரி நடந்துக்கிட்டீங்களா? மொதல்ல போயி அவரைப் பாத்துப் பேசுங்க.”

சரி, போவோம், ஆனால் போவதென்றால் பச்சை மோட்டாரில்தான் போவது, அதைப் பார்த்தால் உன் மனசும் இளகும் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தம்பி, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக இல்லை, உன்னை மன்னிப்பதாகத்தான் இருந்தேன். கண்ணாடி முன் நின்று, “நடந்தது நடந்துபோச்சு மைக்கேல், உன் தப்ப நான் மனசுல வச்சுக்கல” என்று சொல்லிப் பழகியும் வைத்திருந்தேன். அமலம்மாள் கேட்டுவிட்டு, “கொஞ்சம் சிரிச்சாப்புல சொல்லுங்க” என்றாள்.

கித்தானை எடுத்து, பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது ஊற்றி, டயர்க் கடைக்காரனிடம் காற்றடித்தேன். கைப்பிடி சுற்ற ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஐம்பத்து மூன்று வயசு அமலம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்று ஒரே சுற்று சுற்றினாள். வண்டி கிளம்பிவிட்டது. “மைக்கேலு எட்டு வருசம் சுத்துனதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்” என்றாள். அன்று தஞ்சோங் பூங்கா கடற்கரை வரைக்கும் வெண்ணெய் மாதிரி போனோம். திரும்பும் வழியில் புலாவ் தீக்குஸ் சந்தையடியில் அதே திக்கல், அதே இருமல், அதே வெடி. காவடித் தண்டில் வாத்து முட்டைக்கூடை தூக்கி வந்த சீனர் ஒருவர் கூடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் வந்து, “இன்னைக்கு என்ன பெருநாள்? பட்டாசு விட யாரு உத்தரவு குடுத்தா?” என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அமலம்மாள் முட்டைக்காரரைப் பார்த்துக் கையை இறக்கச் சொல்லி, ஒரு டஜன் முட்டையும் வாங்கிக்கொண்டாள். அரைமணி நேரம் கழித்து அவள் சுற்றியதும் வண்டி ஒன்றும் நடவாததுபோலக் கிளம்பி, நல்ல பிள்ளையாக வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் பட்டறைக்கார ஷேக் அலாவுதீனை அழைத்து வந்தேன். அவர் முதல் காரியமாகப் பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “பெட்ரோல்ல தண்ணி இல்லண்ணே. இது பிளக் கோளாறு. மூணு வருசமா மூடி வச்சீங்கல்ல, நாலும் கரி புடிச்சுக் கெடக்கு” என்று நாலையும் மாற்றி, ஜெயில் முக்கு வரை ஓட்டிக் காட்டினார். குதிரை மாதிரி ஓடியது. அடுத்த நாள் நானும் அமலம்மாளும் அதே தஞ்சோங் பூங்காவுக்குப் போய்த் திரும்பினோம், அதே புலாவ் தீக்குஸில் வெடித்தது. முட்டைக்காரர் இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை, சிரித்துவிட்டு ஒரு டஜனை எண்ணத் தொடங்கினார்.

அப்புறம் வந்தவர் இஸ்மாயில். ஒரு துரை வீட்டில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டினவர். அவரும் முதலில் டாங்கி மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். “பிளக்குன்னு யாரு ஐயா சொன்னா? இது கார்ப்ரேட்டர் லா!” என்று அதைக் கழற்றி, உள்ளேயிருந்து எள்ளைவிடச் சின்னதாக ஒரு தூசியை நகத்தில் எடுத்து, “தெங்கோ, ஐயா, பாருங்க! இதுதான் அந்தப் பேய்” என்று எல்லோருக்கும் காட்டினார். எனக்குக் கண்ணில் ஒன்றும் படவில்லை, ஆனாலும் பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினேன். வண்டி பாடிக்கொண்டு ஓடியது. செய்தி கேட்டு அலாவுதீன் வந்து, ஓடுவது தம்முடைய பிளக்கினால்தான் என்றார். இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அமலம்மாள் இருவருக்கும் ஆளுக்கு நாலு வாத்து முட்டை அவித்துக் கொடுத்தாள். வீட்டில் அது ஏராளமாக இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி காலைப் பூசை கண்டுவிட்டுக் கிளம்பினோம். கப்பலில் வண்டியை ஏற்றியதும் நான் இறங்கிக் கம்பியோரம் போய் நின்றேன். பினாங்கு மலை கொஞ்சம் கொஞ்சமாய்ப் பின்னால் போனது. அந்தக் காலத்தில் இந்த இடத்தில் நின்றுதான் நீ டோரதியைத் தோளில் தூக்கி, மணிக்கூண்டைக் காட்டுவாய். பக்கத்தில் யாரோ நிற்பதுபோல இருந்து திரும்பினேன். அமலம்மாள்தான். “இந்த எடத்துலதான் ஆலிஸு தொப்பி காத்துல போச்சு” என்றாள். இருவரும் சிரித்தோம். அப்போதுகூட மன்னிக்கப் போகிறவன் நான்தான் என்ற பெருமை எனக்குள் அப்படியே இருந்தது.

பட்டர்வொர்த் தாண்டி ஆறாவது மைலில் ஆரம்பித்தது இருமல். ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில், அப்துல் ஹமீது என்பவருடைய கோப்பிக் கடைக்கு நேர் எதிரில், கோழிகளெல்லாம் கூரைமேல் ஏறுகிற மாதிரி ஒரு வெடி வெடித்து நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் நின்றதும் ஏறக்குறைய அதே இடம். என்ன செய்வதென்று தெரியாமல் கடையில் போய் உட்கார்ந்து இரண்டு கோப்பி கேட்டேன். அப்துல் ஹமீது புதிதாக ஒரு பால் டின்னை எடுத்து, ஆணியை வைத்து ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தார். பால் ஒரு சொட்டு விழுந்தது. யோசித்து யோசித்து இன்னொரு சொட்டு விழுந்தது. அதற்குள் ஆணி எங்கோ உருண்டு போய்விட்டது. அவர் மேசைக்கடியில் குனிந்து தேடினார்.

“இருக்கட்டும் பாய், அந்த ஒரு ஓட்டையிலயே ஊத்துங்களேன்” என்றேன்.

“வராதுங்க. பால் வெளிய வரணும்னா காத்து உள்ள போவணும்ல? காத்துக்குன்னு தனியா ஒரு ஓட்டை வேணும்.”

ஆணி கிடைத்து அவர் இரண்டாவது ஓட்டை போட்டார். பால் கயிறு மாதிரி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் கோப்பியையே மறந்துவிட்டேன். ஏனென்றால் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நம் வண்டியில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் மூடியின் நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு துளை உண்டு அல்லவா? அந்த முப்பத்து மூன்றாம் வருஷம், திருநாளுக்கு முந்தின மாதம் அடித்த பெருமழையில் அது வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று நீ சொன்னாய். மேலே மாட்ட ஒரு தோல் உறை தைத்துக் கொண்டு வருகிறேன் என்றும் சொன்னாய். ஒரு துளையை அடைக்கத் தோல் உறை எதற்கு என்று, ஆபீஸில் பார்சலுக்கு முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கைக் கொண்டு வந்து உருக்கி நானே அடைத்தேன். அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று மேலே பச்சைப் பெயிண்டும் பூசினேன். ஊருக்குள் இரண்டு மைல் மூன்று மைல் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. தூரம் போனால்தான் டாங்கிக்குள் காற்றில்லாமல் பெட்ரோல் இறங்காமல் அது இருமும். மூடியைத் திறந்தால் காற்றுப் போகும், சரியாகிவிடும். அலாவுதீனும் திறந்தார், இஸ்மாயிலும் திறந்தார்.

எழுந்து போய் மூடியைத் திருகினேன். ‘உஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. உட்புறம் திருப்பிப் பார்த்தேன். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அமலம்மாள் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். குத்தினேன், அரக்கு உதிர்ந்தது. அவள் ஒரே சுற்றில் வண்டியைக் கிளப்பினாள். வாங்கின புதிதில்கூட அது அவ்வளவு இதமாக ஓடியிருக்காது தம்பி. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. டோரதி பாட்டைக் கெடுத்தவன் நான். நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கினவன் நீ. கால் மைல் போனதும் வண்டியைத் திருப்பினேன்.

“எங்க திருப்புறீங்க?”

“வீட்டுக்கு.”

“இன்னும் ரெண்டு மைலுதான இருக்கு?”

“மன்னிக்கலாம்னு வந்தேன் அமலம். இப்ப என்னன்னு சொல்லிக்கிட்டு அவன் வாசல்ல போயி நிக்கறது?”

“அதத்தான் சொல்லணும். இப்பத்தான் போவணும்.”

நான் கேட்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள், முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினாள், எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப்போய்விட்டாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் தனியாகக் கப்பலேறி, இறங்கும்போது கப்பல் கூலி ஒருவரைக் கைப்பிடி சுற்றச் சொல்லி வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரு தும்மல் இல்லை. ஒரே ஒரு தடவை இருமியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி மைக்கேல், உன் கை வைத்தது எல்லாம் உருப்பட்டது. என் கை வைத்ததுதான் உருப்படவில்லை. இதைச் சாமியாரிடமும் கமிட்டியாரிடமும் போய்ச் சொல்லவும் சம்மதம். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அழைப்பில்லாததால் அல்ல, முகமில்லாததால். அமலம்மாளை எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பி வைக்கிறேன். பச்சை மோட்டாரை இருபதாம் தேதி இஸ்மாயில் கொண்டுவந்து உன் வாசலில் விடுவார். மணப்பெண் அதில்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது இந்தப் பெரியப்பனுடைய ஒரே ஆசை. பிறகு அது உன் வண்டி. எனக்குப் பங்கு வேண்டாம்.

ஆலிஸுக்கு என் அன்பையும், டோரதிக்கும் அவளைக் கட்டப்போகிற பிள்ளைக்கும் நெற்றியில் சிலுவை வரைந்து என் ஆசீரையும் சொல்லவும். பதினாறும் பெற்று என்றெல்லாம் எழுத எனக்குத் தகுதியில்லை, சண்டையில்லாமல் நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிராத சகலை,
லாரன்ஸ்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்து மை காயட்டும் என்று வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் அமலம்மாள் மேசையருகில் நின்று முழுக்க வாசித்து முடித்துவிட்டாள். “அரக்கு வெவகாரம் அவருக்குத் தெரியும்” என்றாள். எப்போதிருந்து என்றேன். “அன்னைக்கேதான். எல்லாத்தையும் மாட்டிட்டுக் கடைசியா மூடியத் தெறந்து பாத்திருக்காரு. தளர விட்டு மூடித்தான் வண்டியக் கெளப்பியிருக்காரு. ‘நாலு பேரு முன்னாடி அண்ணனை எப்படிச் சொல்றது, அப்புறம் சொல்லிக்கலாம்’னு ஆலிஸுகிட்டச் சொன்னாராம். அதுக்குள்ள நீங்க பேசுன பேச்சுல அவருக்கும் வீம்பு வந்துபோச்சு.” கார்டில் என் பேர் இல்லாததற்கும் காரணம் சொன்னாள். பெரியப்பாவைத் தபாலிலா கூப்பிடுவது, நேரில்தான் கூப்பிட வேண்டும் என்று, நீ இரண்டு ஞாயிறு கப்பலேறி வந்து, இரண்டு தடவையும் ஆர்கைல் ரோடு முனை வரை நடந்து, அப்படியே திரும்பிப் போனாயாமே! பத்து நாளாக இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்களா எழுதுறீங்களான்னு பாத்தேன்” என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இஸ்மாயிலும் வரமாட்டார். சனிக்கிழமை முதல் கப்பலில், அமலம்மாள் கைப்பிடி சுற்ற, நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். இதை உன் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நிற்பேன். நீ வாசித்து முடிக்கிற வரைக்கும் ஆலிஸை எனக்கு ஒரு கோப்பி போடச் சொல், நிறைய எழுதியிருக்கிறேன், நேரமாகும்.

லா.